எண்பத்தாறாம் வருடப் பெட்டி

ஆகஸ்ட் 7, 2023, திங்கள்

பல்கலைக்கழகத்துப் பெண் ஷாகிரா எனக்கு இரண்டு கட்டளை போட்டிருக்கிறாள். ஒன்று, தினமும் எந்தக் கட்டைப் பிரித்தேன் என்று அவள் கொடுத்த நோட்டில் எழுத வேண்டும். இரண்டு, எச்சில் தொட்டுத் தாள் புரட்டக்கூடாது. நாற்பது வருடம் எச்சில் தொட்டுப் புரட்டியவளிடம் சொல்கிறாள்! சரி என்று தலையாட்டினேன். வேலை அந்த நோட்டில் இருக்கட்டும். மற்றதை எழுத இந்த நோட்டை நானே வாங்கினேன்.

ஆவுடையம்மாள், முன்னாள் எம்.எல்.ஏ. ஊருக்கெல்லாம் ஆவுடையக்கா. நேரில் நான் 'நீங்க' என்றுதான் பேசுவேன், நோட்டில் 'அவள்' போதும். ஒன்றியக் கவுன்சிலராக ஆரம்பித்து இரண்டு தடவை சட்டசபைக்குப் போனவள். போன பிப்ரவரியில் போய்ச் சேர்ந்தாள். காகிதங்களை எல்லாம் பல்கலைக்கழகத்துக்கு எழுதி வைத்திருக்கிறாள். நான் எண்பத்திரண்டிலிருந்து எண்பத்தாறு வரை அவளுடைய டைப்பிஸ்ட். "உங்களுக்குத்தான் மேடம் வரிசை தெரியும்னு வீட்டுல சொன்னாங்க" என்று ஷாகிரா போன் செய்தபோது, வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "வாரேன்" என்று வந்துவிட்டது.

சாவுக்கு நான் போகவில்லை. மூட்டு வலி.

தென்காசியிலிருந்து அவள் வீடு இருக்கும் ஆலங்கரைக்கு பஸ் முக்கால் மணி நேரம். சாரல் விடவே இல்லை. வீட்டுக்குள் ஈர வாடை. வருடத்துக்கு ஒரு தகரப் பெட்டி, மேலே வெள்ளைப் பெயின்டில் எண். நான் போட்டுக்கொடுத்த ஏற்பாடுதான். எண்பத்தாறு எங்கே என்று கண் தானாகத் தேடியது. அடியில் இருந்தது, இரண்டு பூட்டு.

ஆகஸ்ட் 8, செவ்வாய்

வீட்டைப் பார்த்துக்கொள்கிறவள் பெயர் ஜெபராணி. நாற்பது, நாற்பத்திரண்டு வயது இருக்கும். அக்காவைக் கடைசி வரை கழுவித் துடைத்தவள் இவள்தான். சாவிக்கொத்து இவள் இடுப்பில். என்னைச் "சித்தி" என்கிறாள். பதினொரு மணிக்கு டீ, ஒரு மணிக்குச் சாப்பாடு. உட்காரும்போது நான் முகத்தைச் சுளித்ததைப் பார்த்துக் கால் கதையைக் கேட்டாள், சொன்னேன். நல்ல பிள்ளை, அதிகம் பேசுவதில்லை.

"எந்த ஊரும்மா நீ?" என்று சும்மா கேட்டுவைத்தேன்.

"மேலப்பாறைக்குளம் சித்தி."

டீயைப் பாதியில் வைத்துவிட்டேன். சர்க்கரை கூடிப்போயிருந்தது.

ஆகஸ்ட் 9, புதன்

எழுபதாம் வருடப் பெட்டி. ரோடு கேட்டு மனு, தெருவிளக்கு கேட்டு மனு, விதவைப் பென்ஷன் மனு. ஒவ்வொன்றின் தலையிலும் 'விசாரிக்க' என்று அவள் கை. குண்டூசிகள் துருவேறித் தாளையே தின்றிருக்கின்றன.

நாலாவது கட்டின் மேல் ஒரு துண்டுத்தாள் குத்தியிருந்தது. அதே கோணல் எழுத்து. 'கூட்டல் குறி' என்று நாங்கள் கேலி செய்யும் அதே 'க'.

"ஏட்டி உலகு, வந்துட்டியா."

ஆத்தாடி! உலகம்மாள் என்ற என் பெயரை உலகு என்று சுருக்கியவள் அவள் ஒருத்திதான். எழுபதில் எனக்கு எட்டு வயது. அவளை நான் பார்த்ததுகூட இல்லை.

கொஞ்ச நேரம் உட்கார்ந்து யோசித்தேன். கடைசிக் காலத்தில் பொழுது போகாமல் பெட்டிகளைப் பிரித்து ஒழுங்கு பண்ணியிருப்பாள். பின்னால் என்னைத்தான் கூப்பிடுவார்கள் என்று தெரிந்து எழுதி வைத்திருப்பாள். விளையாட்டுக்காரி. அந்தக் குண்டூசியில் மட்டும் துரு இல்லை. போன வருடம் குத்தியதாக இருக்கும்.

ஷாகிராவின் நோட்டில் இதை எழுதவில்லை.

ஆகஸ்ட் 10, வியாழன்

எழுபத்தொன்று, எழுபத்திரண்டு முடிந்தது. பருப்புக் குழம்பு, அப்பளம்.

ஆகஸ்ட் 11, வெள்ளி

ஜெபராணியிடம் நைசாகப் பேச்சுக் கொடுத்தேன். "எம்மா, எண்பத்தாறை முதல்ல பாத்திருவோமா? அதுலதான் முக்கியமான கடுதாசி எல்லாம் கெடக்கு."

"வரிசையா குடுக்கணும்னுல்லா அத்தை சொல்லியிருக்காவ" என்றாள். அக்காவை அவள் அத்தை என்பாள். "ஒரு பெட்டி முடிஞ்சா அடுத்த சாவி. உங்களுக்கு என்ன அவசரம் சித்தி?"

எனக்கு என்ன அவசரம்! ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு எழுபத்து மூன்றைத் திறந்தேன். மேலாகவே இருந்தது.

"86 எங்கயும் ஓடாது. மெதுவா வா."

இப்போது விளையாட்டாகத் தெரியவில்லை. முதுகில் யாரோ குளிர்ந்த கையை வைத்த மாதிரி இருந்தது. எழுந்து அக்காவின் அறையை எட்டிப் பார்த்தேன். மடித்து வைத்த கட்டில், சுவரில் மாலை போட்ட படம். படத்தில் சிரிக்கிறாள். வேறு என்ன செய்வாள்?

எதற்கு எண்பத்தாறு என்று இங்கேயாவது எழுதிவிடலாம். எம்.எல்.ஏ.க்கள் எல்லாரும் செய்கிற காரியம்தான். சட்டசபை நடக்கும்போது அக்கா மதராஸில் இருப்பாள். இங்கே வாசலில் தினமும் நூறு பேர் சிபாரிசுக் கடிதத்துக்கு நிற்பார்கள். அதனால் கிளம்பும் முன்னால் ஐம்பது லெட்டர்பேடு தாளில் அடியில் கையெழுத்தை மட்டும் போட்டு என்னிடம் கொடுத்துவிடுவாள். மேலே வெறும் வெள்ளை. அவள் டிரங்க்காலில் சொல்லச் சொல்ல நான் டைப் அடித்து அனுப்ப வேண்டும். திரும்பி வந்ததும் ஆபீஸ் காப்பிகளை ஒவ்வொன்றாகப் படித்து மூலையில் தேதி போடுவாள்.

கையெழுத்துப் போட்ட ஐம்பது வெள்ளைத்தாள், இருபத்து நாலு வயதுப் பெண்ணின் மேசை டிராயரில். அவ்வளவு நம்பிக்கை வைத்தது யார் தப்பு?

ஆகஸ்ட் 12, சனி

சனிக்கிழமை தோறும் ஷாகிரா ஸ்கேனரோடு வருகிறாள். பிரித்து அடுக்கியதை எல்லாம் படம் பிடித்துக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறாள். ஏற்றிவிட்டால் உலகத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாமாம்.

"எல்லாத்தையுமா?" என்றேன்.

"ஒரு துண்டு விடாம மேடம். எனக்கு எண்பத்தாறுதான் முக்கியம். எண்பத்தொன்பது தேர்தல்ல அம்மா தோத்தது ஒரு கடிதத்தாலன்னு சொல்றாங்க. ஒரு சத்துணவு அமைப்பாளரை வேலையை விட்டுத் தூக்கச் சொல்லி எழுதினாங்களாம். அந்தம்மா செத்துப்போயிட்டாங்க. சுத்துப்பட்டு ஊரே ஓட்டுப் போடல. அந்தக் கடிதத்தோட காப்பி மட்டும் கிடைச்சா என் ஆராய்ச்சி முழுசாயிரும். உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

"ஆயிரம் கடுதாசி அடிச்சேம்மா. எதுன்னு ஞாபகம் வச்சுக்கிறது?"

வாசல்படியில் ஜெபராணி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

ஆகஸ்ட் 14, திங்கள்

இன்றைக்கு எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

எழுபத்தேழாம் வருடப் பெட்டி. வாக்காளர் பட்டியலுக்கு நடுவில் துண்டுத்தாள்.

"மூட்டுல கத்தி வச்ச காலோட தரையில உக்காராதே. ஸ்டூல் எடுத்துப் போட்டுக்கோ."

எனக்கு ஆபரேஷன் நடந்தது ஏப்ரலில். டாக்டர் அதற்குத் தேதி குறித்ததே மார்ச்சில். அவள் செத்தது பிப்ரவரியில்.

தரையிலிருந்து எழுந்து ஸ்டூலில் உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான் அவள் சொல்படி கேட்டிருக்கிறேன் என்று உறைத்தது. எனக்குப் பயமாக இருக்கிறது, அதை மறைத்து என்ன பண்ண.

ஜெபராணி சோறு போட்டாள். "என்ன சித்தி, மொகம் வெளுத்துக் கெடக்கு?" என்றாள். காற்று சேரவில்லை என்றேன். "குத்தாலக் காத்து சேராதுன்னு உங்ககிட்டதான் கேக்குதேன்" என்று சிரித்துவிட்டு இன்னொரு அகப்பை வைத்தாள். போதும் போதும் என்றாலும் விடுவதில்லை. கரையான் மாதிரி தின்றுகொண்டே இருக்கிறேன்.

ஆகஸ்ட் 15, செவ்வாய்

சுதந்திர தினம். கொடியேற்றத்துக்குப் போகவில்லை. தங்கை பகவதி போனில் பேசினாள். போன வருடம்தான் சத்துணவு அமைப்பாளராக ரிட்டையர் ஆனாள். முப்பத்தாறு வருஷ சர்வீஸ். பிள்ளைகளைப் படிக்க வைத்தது, வீடு கட்டியது எல்லாம் அந்த வேலையில்தான்.

"அந்த வீட்டுக்கு எதுக்குக்கா போற? தேவையில்லாத வேல" என்றாள்.

"நீ எந்தப் பள்ளிக்கூடத்துல வேலைக்குச் சேந்தன்னு ஞாபகம் இருக்கா பகவதி?"

போனை வைத்துவிட்டாள். அவளுக்குத் தெரியாது என்றுதான் இத்தனை வருடம் நினைத்திருந்தேன்.

ஆகஸ்ட் 16, புதன்

எண்பது, எண்பத்தொன்று. துண்டுத்தாள் இல்லை. இல்லாதது இன்னும் மோசம். ஒவ்வொரு கட்டையும் பாம்புப் புற்றில் கை விடுகிறாற்போலப் பிரித்தேன்.

ஆகஸ்ட் 17, வியாழன்

எண்பத்திரண்டிலிருந்து என் டைப். எழுத்தைப் பார்த்ததும் ஏனோ அழுகை வந்தது. ஒவ்வொரு காப்பியின் இடப்பக்க அடியிலும் 'ஆ.அ./உ.' என்று இருக்கும். சொன்னது ஆவுடையம்மாள், அடித்தது உலகம்மாள். சின்னப் பிள்ளை அப்போது, எவ்வளவு பெருமையாக அடித்திருக்கிறேன்!

மத்தியானம் ஜெபராணி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "சித்தி, நீங்க அந்தக் காலத்துல இங்க இருந்தியள்லா. எங்கம்மாவப் பாத்திருக்கியளா? எஸ்தர் தங்கம்னு பேரு."

"இல்லையே" என்றேன். படக்கென்று வந்தது வார்த்தை.

"எனக்கு மொகமே ஞாபகமில்ல. ஆறு வயசு. போட்டாவும் கெடையாது. பாத்தவங்க யாராவது சொன்னாத் தேவல" என்றாள்.

பார்த்திருக்கிறேன். நீலத்தில் வெள்ளைப் பூப்போட்ட வாயில் சேலை. இடது கன்னத்தில் மரு. புருஷன் விட்டுப்போய், கையில் பிள்ளையோடு வந்து நின்றவளுக்கு அக்காதான் எண்பத்து மூன்றில் அந்த வேலையை வாங்கிக் கொடுத்தாள். எண்பத்தாறு ஆகஸ்டில் மறுபடியும் வந்தாள். அக்கா ஊரில் இல்லை. "நான் ஒரு பிடி அரிசி எடுத்தேன்னு எவ சொன்னா? அக்கா ஏன் அப்படி எழுதுனாவ? எழுதுனது அக்காவா?" என்று என் மேசைக்கு முன்னால் நின்று கேட்டாள். அக்கா கையெழுத்து இருக்குல்லா, அப்புறம் என்ன கேள்வி என்று சொல்லி அனுப்பினேன். பத்து நாளில் கிணற்றில் கிடந்தாள். தவறி விழுந்ததாக எழுதிக்கொண்டார்கள்.

அதெல்லாம் இந்தப் பிள்ளையிடம் சொல்ல முடியுமா?

ஆகஸ்ட் 18, வெள்ளி

காலையிலேயே ஜெபராணி எண்பத்தாறின் இரண்டு பூட்டையும் திறந்து வைத்திருந்தாள். எண்பத்து மூன்றும் நாலும் ஐந்தும் இன்னும் பாக்கி. "எப்படியும் இதுக்குத்தான வந்திய" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஜூன் மாதக் கட்டு. பதினேழாவது தாள். மெல்லிசுத் தாளில் கார்பன் காப்பி.

'மேலப்பாறைக்குளம் சத்துணவு மைய அமைப்பாளர் திருமதி எஸ்தர் தங்கம், மாணவர்களுக்குரிய அரிசியை வெளியே எடுத்துச் செல்வதாகப் பொதுமக்கள் புகார் கூறுகின்றனர். உடனே பணிநீக்கம் செய்து, தகுதியுள்ள வேறொருவரை நியமிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.'

பொதுமக்கள் யாரும் கூறவில்லை. நான் கூறினேன். அப்பா படுக்கையில், பகவதி பத்தாவது முடித்து நாலைந்து வருடமாகச் சும்மா இருக்கிறாள், எங்களுக்கு மூன்று மைலில் இருந்த ஒரே வேலை அதுதான். ஒரு வெள்ளைத்தாள்தானே என்று நினைத்தேன். வேறு ஊருக்கு மாற்றுவார்கள் என்று நினைத்தேன். 'பணிநீக்கம்' என்று ஏன் அடித்தேன்? அன்றைக்கு அந்த வார்த்தை கைப்பழக்கத்தில் வந்தது.

பழக்கம்தான் என்னைக் காட்டிக்கொடுத்தது. திருட்டுக் கடிதத்துக்கும் கார்பன் வைத்திருக்கிறேன்! தாளைச் செருகினால் கார்பனும் சேர்த்துச் செருகுகிற கை. காப்பியை வரிசைப்படி கோர்த்தும் வைத்திருக்கிறேன். இதில் 'ஆ.அ./உ.' மட்டும் இல்லை. அதை அடிக்க மனது வரவில்லை. நாலு வருடக் காப்பிகளில் அது இல்லாத ஒரே தாள். அந்த இடம் வெறுமையாக இருப்பதே கத்திச் சொல்கிறது.

துண்டுத்தாள் தேடினேன். இல்லை. ஆனால் காப்பியின் மூலையில், பழைய மங்கிய மையில், இது நிச்சயமாக அந்தக் காலத்தில் எழுதியது:

'பார்த்தேன். 14.9.86.'

எஸ்தர் செத்து இரண்டு வாரம். அதற்கடுத்த மாதம்தான், காரணம் ஒன்றும் சொல்லாமல், "உலகு, நாளையில இருந்து வர வேண்டாம்" என்றாள். வரவு செலவு சரியில்லை போல என்று நினைத்துக்கொண்டேன். சாகும் வரை முப்பத்தாறு வருடம் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. ஓட்டு எல்லாம் போய்த் தோற்றபோதும், ஊர் மண்ணை வாரித் தூற்றியபோதும் வாயைத் திறக்கவில்லை.

தாளை நாலாக மடித்துச் சாப்பாட்டுப் பையில் போட்டேன். ஷாகிரா வருவது நாளைக்கு. இப்போது இந்த நோட்டுக்குப் பக்கத்தில் மேசையில் இருக்கிறது. கிழிக்கத்தான் எடுத்து வந்தேன். தீப்பெட்டியும் இருக்கிறது. உப்பைத் தின்றவள் தண்ணீர் குடிக்க வேண்டும் என்பார்கள். நான் தின்றது அக்கா வீட்டுச் சோறு.

கிழிக்கவில்லை. ஏன் என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 19, சனி

தாளைப் பையோடு எடுத்துக்கொண்டு போனேன். என்ன செய்யப்போகிறேன் என்று முடிவு இல்லை. ஷாகிரா கூடத்தில் ஸ்கேனரை மாட்டிக்கொண்டிருந்தாள். நான் உள்ளறையில் எண்பத்தாறைத் திறந்தேன். ஜூன் கட்டில், பதினாறுக்கும் பதினெட்டுக்கும் நடுவில், நேற்று நான் உருவிய இடத்தில் துண்டுத்தாள்.

"ஏட்டி, எடுத்ததை வை."

கத்தியிருப்பேன் போல. ஜெபராணி வந்து கதவைச் சாத்திக்கொண்டு நின்றாள்.

"ஜெபராணி, அக்கா இங்கதான் இருக்கா. எனக்கு எழுதுதா. பாரு, நேத்து இது இல்ல. எங்காலு ஆபரேஷன் வரைக்கும் தெரிஞ்சிருக்கு அவளுக்கு!"

அவள் தாளை வாங்கிப் பார்க்கவில்லை. "ஆபரேசன் கதைய மொத நாளே நீங்கதான என்கிட்ட சொன்னிய சித்தி" என்றாள்.

கையிலிருந்த துண்டுத்தாளின் எழுத்தை மறுபடி பார்த்தேன்.

"அத்தைக்குக் கை வெளங்காமப் போயி ஏழு வருசம். அவிய கடுதாசி பூரா நான்தான் எழுதுவேன். அவிய எழுத்து எனக்கு நல்லா வரும். உங்க பேர ஷாகிராகிட்ட சொன்னதும் நான்தான்."

"ஏட்டி பாவி! செத்தவ பேருல எழுதுதியே, உனக்கு நெஞ்சு கூசல?"

"நீங்க அத்தை பேருல எழுதலாம், நான் எழுதக்கூடாதா?"

சத்தம் போடாமல்தான் சொன்னாள்.

"சாகுறதுக்கு ஒரு மாசம் முன்னால அத்தை எல்லாத்தையும் சொல்லிட்டாவ. 'எழுதுனது உலகு. வெத்துத் தாளுல கையெழுத்துப் போட்டேன்னு வெளிய தெரிஞ்சா பதவி போயிரும்னு நான் வாய மூடிட்டேன். நானும் குத்தவாளிதான்'னு அழுதாவ. அவியளுக்கும் சேத்துத்தான் உண்மையச் சொல்லுங்கன்னு கேக்குதேன். நான் அந்தப் பள்ளிக்கூடத்துல ஆயா வேலைக்கு எழுதிப் போட்டேன் சித்தி. எஸ்தர் மகளான்னு கேட்டுட்டு வேற ஆளப் பாத்துட்டாவ. அரிசிக்கள்ளி மகள்னு எம்முன்னாலயே பேசுனாவ. உங்கள அடிக்கணும்னு எனக்கு இல்ல. பன்னெண்டு நாளா சோறு போட்டேன், ஒரு நாளாவது நீங்களா சொல்லுவியன்னு."

பையிலிருந்து தாளை எடுத்து நீட்டினேன். அவள் வாங்கவில்லை. கதவைத் திறந்துவிட்டாள்.

கூடத்துக்கு நடக்க எத்தனை நேரம் ஆனதென்று தெரியாது. தாளைப் பார்த்ததும் ஷாகிராவுக்கு முகமெல்லாம் வெளிச்சம். "மேடம், இதேதான்! எழுதியவர்னு அம்மா பேரப் போட்டுரவா?"

"வேண்டாம். உலகம்மாள்னு போடு. அக்காவுக்குத் தெரியாம நான் அடிச்சது. எஸ்தர் ஒரு மணி அரிசிகூட எடுக்கல. வேல எந்தங்கச்சிக்கு வேணும்னு நானா அடிச்ச பொய்யி அது."

ஷாகிரா பேனாவை மூடவும் இல்லை, எழுதவும் இல்லை. என்னையே பார்த்தாள். அந்தப் பார்வை இனி எல்லார் முகத்திலும் இருக்கும், பகவதி பிள்ளைகள் முகத்திலும்.

"ஒங்கம்மாவுக்கு எடது கன்னத்துல மரு உண்டு" என்றேன் பின்னால் நின்றவளிடம். "நீலச் சேலை கட்டியிருந்தா. நின்னு என்கிட்ட கேட்டா, நான் வெரட்டி விட்டேன்."

ஜெபராணி அப்படியே தரையில் உட்கார்ந்தாள். "யம்மா" என்று ஒரு சத்தம். பிறகு மாரில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். ஆறு வயதில் அழத் தெரியாமல் நின்ற அழுகை அத்தனையும் வந்தது. ஷாகிரா ஓடிப்போய்ப் பிடித்தாள். நான் பக்கத்தில் போகவில்லை, எனக்கு அந்த உரிமை இல்லை.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரி வாசலுக்கு ஓடி வந்தாள். பின்னாலேயே தெருவில் நாலைந்து பேர். "என்னக்கா இது, சாவு விழுந்த வீடு மாதிரி சத்தம்? யாரு போயிட்டா?"

"மேலப்பாறைக்குளம் எஸ்தர்" என்றேன்.

"ஐயோ, எப்படி?"

வாசல்படியில் நின்று, தெருவுக்கே கேட்கிற மாதிரி, அதையும் சொன்னேன்.